மருந்தை நிறுத்தியவர்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் காசநோய்ப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. புள்ளியியல் படித்திருந்தேன். சிகிச்சைத் திட்டம் பலன் தருகிறதா என்று கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்தில் ஒரு மையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மையம். நோயாளிகள் வாரம் ஒரு தடவை வந்து மாத்திரை வாங்கிப் போவார்கள். பல மாதம் விடாமல் சாப்பிட்டால்தான் நோய் தீரும். நடுவில் விட்டால் திரும்ப வரும். வந்தால் அதே மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகும்.

கணக்கில் ஒரு விஷயம் இடித்தது. வத்திராயிருப்பிலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசிவரை வந்தார்கள். ராஜபாளையத்தில் மையத்துக்கு நடந்தே வரக்கூடியவர்கள், அதிலும் பெண்கள், இரண்டு மூன்று மாதத்தில் நின்றுபோனார்கள். வயது, தெரு, படிப்பு என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் அதே கதைதான். ஏன் என்று மட்டும் தெரியவில்லை.

"பக்கத்துல இருக்குன்னு அலட்சியம்" என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி ஜீப்பை வீடு வீடாக அனுப்பினார். அதன் பக்கவாட்டில் காசநோய்ப் பிரிவு என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். முதல் வாரமே ஒரு தெருவில், "அப்படி யாரும் இந்த வீட்ல இல்ல" என்று ஒருவர் கதவைச் சாத்திவிட்டார்.

நோயாளிகளிடம் பேசுவதற்கென்று எங்களிடம் ஒரு அக்கா இருந்தார். திருநெல்வேலிக்காரர், சமூகவியல் படித்தவர். அவர் வேலையை டாக்டர் ஆறுதல் சொல்லும் வேலையாகத்தான் நினைத்தார். ஆராய்ச்சி என்று நானும் நினைத்ததில்லை. அந்த அக்காதான் போய்க் கேட்டார்: "ஜீப்பை நிறுத்துங்க சார். நாங்க ரெண்டு பேரும் டவுன் பஸ்ல போயி பேசிட்டு வாரோம்."

கதவைச் சாத்திய வீட்டு மருமகள் ஊருக்கு வெளியே பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனோம். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். எங்களைக் கூடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே தறிச் சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. அதற்காகத்தான் கூட்டிப்போனார் என்று பிறகு புரிந்தது.

"மருந்தை ஏம்மா விட்டுட்டே?" என்றார் அக்கா.

"நான் எங்க விட்டேன்? சனிக்கிழமை சனிக்கிழமை வாங்கிட்டுத்தான் வாரேன்."

"எங்க வாங்குதே?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல. இங்க அந்த வாசல்ல நின்னா தெருவே பாக்கும். நாத்தனாளுக்கு மாப்பிள்ளை பாக்குறாக. டி.பி. வீடுன்னு தெரிஞ்சா யாரு வருவா? எங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அன்னைக்குக் கதவச் சாத்துனது அவுகதான். மாமியார்ட்ட திருவண்ணாமலைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போவேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து அதே பெயரில் இருக்கும் மலைமேல் பெருமாள் கோவிலுக்குச் சனிக்கிழமைகளில் கூட்டம் போகும். யாரும் சந்தேகப்பட வழியில்லை.

"மலைக்கும் ஏறிட்டுத்தான் வருவேன்" என்றார். "சாமி பேரச் சொல்லி பொய் சொல்லக் கூடாதுல்ல? முதல்ல பாதிப் படியில உக்காந்து உக்காந்து போவேன். இப்ப ஒரே மூச்சா ஏறிருதேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வேறு பெயர் கொடுத்திருந்தார். ஆகவே ராஜபாளையம் பதிவில் அவர் மருந்தை நிறுத்தியவர். ஸ்ரீவில்லிபுத்தூர் பதிவில் புதிதாகச் சேர்ந்தவர். இரண்டையும் நான்தான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா? யாரும் மருந்தை நிறுத்தலட்டி. இடத்தத்தான் மாத்திருக்காக."

"ஒருத்தர் சொன்னத வச்சு எல்லாரும்னு எப்படிக்கா எழுதுறது?" என்றேன்.

அக்காவுக்குக் கோபம். பஸ் ஸ்டாண்டு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஆனால் மறுவாரம் அவரே என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். ராஜபாளையம் பக்கமிருந்து வந்தவர்களைத் தனி அறையில் உட்காரவைத்து, பெயரை எங்கும் எழுத மாட்டோம் என்று சொல்லிக் கேட்டார். சேர்ந்த மாதம், வயது, முதல் பரிசோதனை எல்லாவற்றையும் ராஜபாளையம் பதிவோடு நான் ஒப்பிட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

இடம் மாறி வந்தவர்கள் சிலர்தான். நின்றுபோனவர்களில் பெரும்பாலானவர்கள் உண்மையிலேயே மருந்தை விட்டிருந்தார்கள். அக்கா தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப இவுக எல்லாம் யாரு?" என்றார். பிரித்துப் பார்த்தோம். ஆணும் பெண்ணுமாக, பலர் நூல் மில்லில் பகல் ஷிப்டுக்காரர்கள். எங்கள் மையமோ காலையில் மட்டும் திறந்திருந்தது. எனக்கு அது போதும் என்று பட்டது. அக்காவுக்குப் போதவில்லை. லீவு போட்டாவது வரலாமே, ஏன் வரவில்லை என்று அவர்களைத் தேடிப் போனார். ஒரு பெண் சொன்னார்: "பெர்மிஷன் கேட்டா எதுக்குன்னு கேப்பாக. நோயச் சொன்னா பொறவு வேலை ஏது? இருமலும் நின்னு போச்சு."

எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பதை எண்கள் காட்டின. எதை எண்ண வேண்டும் என்பது பேசப் பேசத்தான் தெரிந்தது. அறிக்கையில் இரண்டையும் சேர்த்தே எழுதினோம். ஒவ்வொரு அட்டவணைக்குக் கீழேயும் யாரோ ஒருவர் சொன்னது இருந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு ஜீப்பின் பக்கத்து எழுத்தை அழிக்கச் சொன்னார். சாதாரணக் காய்ச்சலுக்கு வருகிற வாசல் வழியாகவே மாலையிலும் மருந்து கொடுத்தார்கள். எந்த மையத்தில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஆயிற்று. மறுவருஷம் நின்றுபோகிறவர்கள் குறைந்தார்கள்.

எல்லாருக்கும் அது உதவவில்லை. வேலை போய்விடும் என்று சொன்ன அந்த மில் பெண் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அங்கே இறந்துபோனதாகச் சில மாதம் கழித்துத் தகவல் வந்தது. கணக்கில் அவரை நிறுத்தியவர்களிலிருந்து எடுத்து இறந்தவர்களில் சேர்த்தேன். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நாங்கள் டீ குடிக்கப் போகவில்லை.

தறிக்கூடத்துப் பெண்ணுக்குக் கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. அன்று கணவரையும் கூட்டி வந்திருந்தார். நாத்தனாரின் கல்யாணமும் நடந்தது. பத்திரிகை அக்காவுக்கு மட்டும் வந்தது.

அடுத்து கிருஷ்ணன்கோவில் பக்கத்து ஊர்களில் பெண்கள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்களா என்று பார்க்கும் வேலை வந்தது. இந்தத் தடவை இரண்டு பேரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து தொடங்கினோம். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதில் அன்றைக்கே சண்டை.