பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோன கேசரி

பிள்ளைகளே, பக்கத்து வீட்டு ஐரிஷ் அங்கிளுக்குக் கேசரி கொண்டுபோன அன்று நான் ஏன் நிற்காமல் உடனே திரும்பி வந்தேன் என்று கேட்டீர்கள். கால் நோகிறது என்றேன். அது பொய்.

மகளே, அயர்லாந்தைப் பற்றி உனக்குப் பள்ளிக்கூட வேலை ஒன்று இருந்தது. நூறு வருடத்துக்கு முன் இதே லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் அந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது என்று வாசித்துக் காட்டினாய். எங்கள் சனம் இத்தனை வருடம் சண்டைபிடித்தும் கிடைக்காதது, ஒரு கையெழுத்தில் ஒரு நாடா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அப்பா, கீழ இன்னும் கிடக்கு."

"காணும், வாசிச்சது போதும், விளங்கிட்டுது" என்றேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அவ்வளவு அவசரம். நீ கீறி வைத்த அயர்லாந்து வரைபடத்தில் முழுத் தீவுக்கும் நானே பச்சை அடித்தேன். கையெழுத்தான நாள் அந்த வாரமே வருகிறது என்றதும் அம்மாவைக் கேசரி கிண்டச் சொன்னேன். நல்ல செய்தி என்றால் அயலுக்கு இனிப்புக் கொடுப்பவர்கள் அல்லவா நாங்கள்.

வாசலில் வைத்து என் ஆங்கிலத்தில் வாழ்த்துச் சொன்னேன். அவர் தட்டத்தையே பார்த்தார். தன் ஊர் வடக்கே, தீவைப் பிரிக்கிற எல்லைக்கு இரண்டு மைல் பிரிட்டன் பக்கம் என்றார். சுதந்திரம் தெற்குக்குத்தான் வந்ததாம். தன் தாத்தாவின் வீடு பிரிட்டனோடு நின்றுவிட, வயல் வேறு நாட்டுக்குப் போய்விட்டதாம்.

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஒரு நாடாவது வந்ததே, ஓரத்தில் இருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும் என்றேன்.

அவர் சிரித்தார். "அப்படியென்றால் இந்த இனிப்பு எதற்கு? நாடு கிடைத்ததற்கா, எங்களைக் கைவிட்டதற்கா?"

தம்பி பிறக்க அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன மனுசன் அவர். மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஏலவில்லை. கோட்டின் பிழையான பக்கத்தில் நிற்பது என்னவென்று தெரியாத ஆளா நான்? சண்டைக்குத் தப்பி ஊரை விட்டு ஓடித்தானே இங்கே வந்தேன்? அதை மறந்து, இன்னொருவரைப் பொறுக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை நீங்கள் தமிழ் வகுப்புக்குப் போனபின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் அந்த வரைபடத்தை விரித்தேன். வடக்கில் அடித்த பச்சையை அழித்தேன். முழுதாகப் போகவில்லை. உன் புத்தகத்தைப் பார்த்து எல்லைக் கோட்டை வளைத்து வளைத்துக் கீறினேன். பிறகு அவருடைய ஊரைத் தேடிப் பிடித்து, கோட்டுக்குச் சற்று மேலே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.