கருப்பசாமி போட்ட வெல்டிங்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் துபாய் அல் கூஸில் ஒரு வொர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தேன். நார்வே கப்பல்களுக்குப் பைப் செய்து கொடுப்போம். எங்கள் வெல்டர் கருப்பசாமி, பரமக்குடிக்காரன். நார்வே இன்ஸ்பெக்டரிடம் டீ நேரத்தில் அவர் மொழியைக் கற்றுக்கொண்டிருந்தான்.

"சார், 'என் வீடு'ங்கிறத அவங்க 'வீடு என்'னு சொல்றாங்க. ஹூசெ மித். பொருள் முதல்ல, நாம பின்னாடி. 'என்'ங்கிறதுக்கு சில பொருளுக்கு 'மித்', சிலதுக்கு 'மின்'. பேரைச் சொன்னா மட்டும் அது முன்னாடி வந்து ஒரு 'ஸ்' ஒட்டிக்கும். கருப்பசாமிஸ் ஹூஸ்!"

"மொதல்ல ஒழுங்கா இங்கிலீஷ்ல லீவு கேக்கக் கத்துக்கடா" என்று எல்லார் முன்னாலும் நக்கலடித்தேன்.

ஒருநாள் காலை இன்ஸ்பெக்டர், வெல்டிங்கைச் சோதிக்க எடுத்த எக்ஸ்ரே ஃபிலிமோடு வந்து, ஒரு ஜாயின்டைத் தொட்டு, யார் போட்டது என்று கேட்டார். பக்கத்தில் எழுதியிருந்த வெல்டர் நம்பர் அழிந்திருந்தது. ஏதோ கோளாறு என்று பயந்து, "எங்கள் ஆள் இல்லை, வெளியாள்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

கருப்பசாமி முகமூடியைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தான்.

"ஸ்வைசென் மின்" என்றான். 'அந்த வெல்டிங் என்னுடையது' என்று அர்த்தம்.

இன்ஸ்பெக்டர் சிரித்தபடி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஃபிலிமில் ஒரு குறைகூட இல்லையாம். பாராட்டத்தான் தேடி வந்தாராம்.

அப்புறம் கேட்டேன்: "தப்பா இருந்திருந்தா என்னடா பண்ணிருப்ப?"

"தப்பா இருந்தாலும் நான் போட்டதுதானே சார்."

அன்று சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த கேம்ப் முழுக்க, "கருப்பசாமி எங்க ஆளு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காலையில் அவனை வெளியாள் என்று சொன்னதும் இதே வாய்தான்.