வரிசையில் நின்ற கூடை

"ஏன்டி, ஒனக்கு வீட்டுல சோலியே இல்லையா? நான் ஏரோப்ளேன்ல எப்படி ஏறுனா என்ன, எப்படி எறங்குனா என்ன? போ, போயி கொழாயில தண்ணி வருதான்னு பாரு."

எதிர்வீட்டுக்காரி கேட்டபோது இப்படித்தான் ஏசினேன். அவள் போகவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். நீங்களும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. நான் எங்காவது தடுக்கி விழுந்திருப்பேன் என்ற ஆசை உங்கள் முகத்தில் தெரிகிறது. விழவில்லை. உட்கார்ந்துகொண்டே போனேன், உட்கார்ந்துகொண்டே வந்தேன். நடுவில் இரண்டே இரண்டு தடவை எழுந்தேன். வம்பு எல்லாம் அதில்தான்.

என் இளைய மகள் நார்வே நாட்டில் இருக்கிறாள். அந்த நாட்டின் வடக்கு ஓரத்தில், இதற்கு மேல் போனால் பனிக்கட்டிதான் என்கிற இடத்தில் அவள் ஊர். மாப்பிள்ளைக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. தலைப்பிரசவத்துக்கு அவள்தான் இங்கே பாளையம்பட்டிக்கு வந்திருக்க வேண்டும். கால் வீங்கிக் கிடக்கிறது, விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் தாய்வீட்டுக்கு வர முடியாததால் தாய்வீடு மகளிடம் போக வேண்டியதாயிற்று. தாய்வீடு என்றால் நான்தான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது.

விசா வந்து சேர்வதற்குள் நாள் நெருங்கிவிட்டது. நான் அங்கே இறங்குகிற நாளுக்கு மறுநாள் காலையில் அவளை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா, நீ வந்து பக்கத்துல நின்னாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். இல்லன்னா வீட்டுலயே பெத்துக்கிருவேன்" என்று போனில் அழுதாள்.

"அழுகாத. எப்படியும் பிடிச்சு வந்துருவேன்" என்று, திருச்சுழி பஸ்ஸைப் பிடிக்கிறவள் மாதிரி சொல்லிவிட்டேன்.

மதுரையில் ஏற வேண்டும். துபாயில் மாற வேண்டும். நார்வேயின் தலைநகரத்தில் இறங்கி, பெட்டியை எடுத்து, மறுபடி கொடுத்து, மகள் ஊருக்குப் போகிற சின்ன விமானத்தில் ஏற வேண்டும். அன்றைக்கு அதுதான் கடைசி விமானம். விட்டால் மறுநாள் மதியம். எனக்கோ பஸ் போர்டைப் படிக்கவே எழுத்துக்கூட்ட வேண்டும். நான் 'திருச்சுழி' என்று கூட்டி முடிப்பதற்குள் பஸ் திருச்சுழிக்கே போய்விட்டிருக்கும்.

இதற்கு மாப்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தார். எனக்குச் சக்கர நாற்காலி கேட்டு எழுதிப் போட்டுவிட்டார்.

"நல்லா நடக்குற காலு வச்சுக்கிட்டு எப்படி மாப்ள அதுல உக்காருறது?"

"அத்தை, படிக்கத் தெரியாதுன்னா யாரும் கூட வர மாட்டாங்க. நடக்க முடியாதுன்னா ஏரோப்ளேன் வாசல் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போவாங்க. முழங்கால் வலின்னு சொல்லிருங்க. ஆனா உக்காந்தா எந்திரிக்கவே கூடாது. எந்திரிச்சீங்கன்னா விட்டுட்டுப் போயிருவாங்க."

காட்டுக்கு நடந்து போய் விறகு கட்டித் தூக்கி வந்த காலுக்கு, மதுரையில் திடீரென்று வலி வந்தது. என் பெட்டி உள்ளே போனது. கையில் வயர் கூடை மட்டும் வைத்துக்கொண்டேன். அதில் துண்டு, சேவுப் பொட்டலம், சுட்ட வசம்பு, ஜாதிக்காய், அப்புறம் பிள்ளைக்கு மருந்து உரசுகிற கல். என் பிள்ளைகள் எல்லோருக்கும் உரசிய கல் அது. பெட்டியில் வைத்துத் தொலைக்க எனக்கு மனசில்லை. மதுரையில் சோதித்தவர் கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேறுகாலத்துக்குப் போறேன்" என்றேன். கும்பிடாத குறையாகத் திருப்பிக் கொடுத்தார்.

துபாயில் ஒரு மூலையில் சக்கர நாற்காலிகளாக நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் நம் ஊர்ப் பெண்பிள்ளைகள். எல்லோருக்கும் முழங்கால் வலி. எல்லோர் மடியிலும் ஊறுகாய் வாசனை. பக்கத்து நாற்காலியில் கோவில்பட்டிப் பக்கத்து அம்மா ஒருத்தி, மகளின் பிரசவத்துக்கு ஜெர்மனி போகிறாள். மெதுவாக என் பக்கம் சாய்ந்தாள்.

"ஒங்களுக்கு எந்தக் காலு?"

"இடது. ஒங்களுக்கு?"

"நான் இன்னும் முடிவு பண்ணல" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் யாரையும் கூப்பிடாமல் எழுந்து, வாகாக நடந்து, கக்கூஸுக்குப் போய்விட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து முனகினாள். கைதேர்ந்தவள்.

நார்வேயின் தலைநகரத்தில் என்னைத் தள்ள ஒரு பெண் வந்தாள். மஞ்சள் சட்டை, வெள்ளைப் புருவம், சிரித்த முகம். கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டிய என் பெட்டியைக் காட்டினேன், எடுத்தாள். சுங்கத்தைத் தாண்டினோம். பெட்டியை மறுபடி ஓர் இயந்திரத்தின் வாயில் போட்டாள், அது விழுங்கிக்கொண்டது. அப்புறம் என்னை ஒரு பெரிய கூடத்துக்குத் தள்ளி வந்து, கண்ணாடிச் சுவரோரம் நிறுத்தி, கையை அமர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். இங்கேயே இரு, வருகிறேன் என்று அர்த்தம். எதிரே ஒரு வாசல். அதுதான் எங்கள் விமானத்தின் வாசல்.

வெளியே பார்த்தேன். இருட்டு. மதியச் சாப்பாடு செரிக்கவில்லை, அதற்குள் இருட்டிவிட்டது. மார்கழியில் அங்கே அப்படித்தான் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆனாலும் இருட்டைக் கண்டதும் கடைசி பஸ் நினைப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, வாசலுக்கு எதிரே ஜனங்கள் ஒவ்வொருவராக வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். மஞ்சள் சட்டையைக் காணோம். வரிசை நீண்டுகொண்டே போனது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே படுத்துக் கிடப்பது மாதிரி கண்ணுக்குள் வந்தது.

நாற்காலியை விட்டு எழுந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எழாவிட்டால் வரிசை போய்விடும்.

நம் ரேஷன் கடையில் இதற்கெல்லாம் யாராவது கலங்குகிறார்களா? பையையோ, செங்கலையோ வரிசையில் வைத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொள்வோம். வரிசை நகரும்போது பின்னால் நிற்கிறவள் நம் செங்கலையும் காலால் தள்ளிவிடுவாள். செங்கலுக்கு உரிய மரியாதையை யாரும் குறைப்பதில்லை. நான் அங்குமிங்கும் பார்த்தேன். எழுந்தேன். கூடையை வரிசையின் கடைசியில், ஒரு நெட்டை மனிதருக்குப் பின்னால் வைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து சேலையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. மனசு குளிர்ந்தது.

முதலில் நெட்டை மனிதர் திரும்பிப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். கூடைக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு இரண்டு எட்டு தள்ளி நின்றார். அவருக்கு முன்னால் நின்றவளும் தள்ளி நின்றாள். யாரோ போய் ஒரு போலீஸ்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் ஏதோ உரக்கக் கேட்டார். எல்லோரும் இல்லை என்று தலையை ஆட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் வரிசையே கலைந்து சுவரோரம் ஒதுங்கிவிட்டது. கூடை மட்டும் வாசலைப் பார்த்து நின்றது.

இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்தேன். வயசானவள் கூடை என்று முதல் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்களே.

அப்புறம் கூடையைச் சுற்றி நாடா கட்டினார்கள். வாசலில் நின்ற பெண் கதவைச் சாத்தினாள். ஓர் ஆள் வந்து என் நாற்காலியைப் பிடித்து, வாசலுக்கு எதிர்ப்பக்கமாக வேகமாகத் தள்ள ஆரம்பித்தார். "என் பிளேனு அங்குட்டு இருக்குய்யா" என்றேன். புரியவில்லை. எங்கள் தெருத் தறிக்காரர்களிடம் கற்ற தெலுங்கில் சொல்லிப் பார்த்தேன். அதுவும் புரியவில்லை. என்னிடம் இருந்த பாஷை அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தபோது ஒரு நாயைக் கூட்டி வந்திருந்தார்கள். கன்றுக்குட்டி மாதிரி நாய். அது மூக்கை நீட்டிக்கொண்டு கூடைக்குள் தலையை விடப் போனது.

பச்சைப்பிள்ளைக்கு மருந்து உரசுகிற கல்லில் நாய் வாய் வைப்பதா? எனக்கு முழங்கால் வலி போய்விட்டது. ஓடுகிற நாற்காலியில் இருந்து குதித்தேன். நாடாவுக்குக் கீழே குனிந்து நுழைந்தேன். "ச்சீ, போ அங்குட்டு" என்று நாயை அதட்டினேன். அந்த நாய்க்கு மட்டும் தமிழ் தெரிந்திருந்தது, உட்கார்ந்துவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து வலது முழங்காலைத் தடவினேன். துபாயில் இடது என்று சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

கூடமே எட்டி எட்டிப் பார்த்தது. ஒரு கிழவர் மட்டும் எதையோ முணுமுணுத்துக் கைகுவித்தார். நொண்டி நடந்ததைக் கண்ணால் கண்டுவிட்டார் பாவம்.

மஞ்சள் சட்டைக்காரி ஓடி வந்தாள். போலீஸ்காரர் கூடையைக் கொட்டிப் பார்த்தார். கல்லைத் தட்டினார். வசம்பை முகர்ந்து முகத்தைச் சுளித்தார். என் போனில் மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர் பேசினார், அவள் பேசினாள், அப்புறம் போன் என்னிடம் வந்தது.

"அம்மா, அதை ஏன் அங்க வச்சன்னு கேக்குறாங்க."

"எடம் பிடிக்கத்தான்."

"எல்லாருக்கும் எடத்துக்கு நம்பர் போட்டுத்தானம்மா குடுத்துருக்காங்க."

"நம்பரு போட்ட எடத்துல எவளாச்சும் ஏறி உக்காந்துட்டா? அப்புறம் நான் அவகூடச் சண்டை போட்டுக்கிட்டு இருக்கவா?"

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை. திடீரென்று சிரிப்பு வேறு மாதிரி மாறியது. "அம்மா, வலிக்குதும்மா" என்றாள். மாப்பிள்ளை போனை வாங்கினார்.

"அத்தை, வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புன்னா நீங்க வரணும்னு அடம் பிடிக்கிறா."

"மாப்ள, அவளக் காருல ஏத்தி ஏரோப்ளேன் எறங்குற எடத்துக்குக் கூட்டியாங்க. நான் வாரேன். அதுவரைக்கும் அவள சிரிக்க வைக்காதீக."

போனைப் போலீஸ்காரரிடம் நீட்டினேன். மாப்பிள்ளையே அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மனிதர் கொட்டிய சாமானை எல்லாம் தன் கையாலேயே கூடையில் அடுக்கினார். நாடாவை அவிழ்த்தார்கள். கதவைத் திறந்தார்கள். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, மஞ்சள் சட்டைக்காரி என்னைத் தள்ளிக்கொண்டு பின்னால் வர, எல்லோருக்கும் முந்தி என்னை ஏற்றினார்கள். நெட்டை மனிதருக்கு என் பக்கத்து இடம். வழி நெடுக அவர் கூடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சேவு கொடுத்தேன். அதை நாய்க்குக் கொடுத்துப் பார்த்தார்களா என்று கேட்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் தின்றார். இன்னும் கேட்டார்.

இறங்கியபோது மகள் காரில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா" என்று மட்டும் சொல்லி என் கையை நெரித்தாள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு ஓடி வந்தாள். நான் உட்கார்ந்தேன்.

"அம்மா," என்றாள் மகள், வலிக்கு நடுவில். "அது எனக்கு."

அந்த ஊரில் மார்கழியில் விடிவதே இல்லையாம். விடிந்திருக்க வேண்டிய நேரத்தில் பேத்தி பிறந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நின்றேன் என்பதைக் கவனியுங்கள்.

எதிர்வீட்டுக்காரிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. அவளும், பின்னால் வந்து சேர்ந்த தெருக்காரிகளும் கேட்கக் கேட்க, இதைத்தான் சொன்னேன்.

"போன எடத்துல எல்லாம் என்னையத் தரையில கால் வைக்க விடல. எனக்காகப் பிளேன நிப்பாட்டி வச்சாக. போலீஸ்காரரு என் கூடையத் தூக்கிக்கிட்டு முன்னால நடந்தாரு. நாயி கூட நான் சொன்னதும் உக்காந்துச்சு."

"பொய் சொல்லாதீக பெரியம்மா."

"பேத்தி மேல சத்தியம். ஒரு வார்த்த பொய்யில்ல. ஏன்டி, நாளைக்கு ரேஷன்ல பாமாயில் போடுறாகளாமே. போகும்போது என் கூடையவும் கொண்டு போயி வரிசையில வையி. பயப்படாத, அது வெடிக்காது. பரீட்ச பண்ணிட்டாக."