சக்கரத்தில் வைத்த பொட்டு

சுவிஸில், மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு பட்டறையில் பதினொரு வருசம் துப்புரவு வேலை செய்தேன். போர் விமானங்களைப் பழுது பார்க்கிற இடம். அவை எந்த நேரமும் பறக்க ஆயத்தமாக நிற்கும் என்றுதான் வெளியில் ஆக்கள் நினைப்பார்கள். எத்தனை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பது நிலம் துடைக்கிற எனக்குத் தெரியும். ஒன்றுக்குப் பழுது வந்தால் புதுச் சாமான் வர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் பக்கத்தில் நிற்கிறதில் கழற்றி இதற்குப் பூட்டுவார்கள். மூலையில் நின்ற ஒன்றில் இருந்து அப்படிக் கனக்கச் சாமான் கழற்றிவிட்டார்கள். அதன் சக்கரத்தைச் சுற்றித் துடைத்துத் துடைத்தே நிலத்தில் ஒரு வட்டம் விழுந்துவிட்டது.

பட்டறைப் பொறுப்பாளரை ஷெஃப் என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளிக்கிழமைகளில் நான் கோயிலுக்குப் போக வேணும் என்று அரை மணித்தியாலம் முந்தி விடுவார். அந்த மனிசனை நான் முழுதாக நம்பியிருந்தேன்.

சரஸ்வதி பூசைக்கு, வேலை செய்கிற சாமான்களுக்குப் பொட்டு வைக்கிறது எங்கட வழக்கம். அன்றைக்கு என்ர தள்ளுவண்டிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு நிற்க, ஷெஃப் கோப்பியோடு வந்தார்.

"அதென்ன சிவப்பு?"

"சாமிப் பொட்டு, ஷெஃப். வேலை குழப்பமில்லாமல் நடக்கட்டும் எண்டு."

"அப்ப மூலையில நிக்கிற கிழவிக்கும் ஒண்டு வை. நாங்கள் எழுதின கடிதம் ஒண்டுக்கும் பதில் இல்லை. உன்ர சாமியாவது சாமான் அனுப்புறாரோ பாப்பம்."

"எங்கட சாமிக்குப் படிவம் நிரப்பத் தேவையில்லை."

"அப்ப எங்கட கந்தோரை விடக் கெட்டிக்காரர்தான்."

அவர் பகிடிக்குச் சொன்னார். நான் மனதாரச் செய்தேன். முன்சக்கரத்தில் பொட்டு வைத்து, திருநீறும் கொஞ்சம் தூவி, முருகா, இதையும் பறக்க வை என்று கும்பிட்டேன். முடியும்வரைக்கும் ஷெஃப் பக்கத்தில் நின்று கோப்பி குடித்தார். விமானத்துக்குக் கிட்ட ஒரு தூசு கூட விழக்கூடாது என்பது அங்கே சட்டம். புதிதாக வருகிற துப்புரவாக்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறதே நான்தான். சாமி காரியம் என்றதும் மறந்துபோனேன். அது என்ர பிழை.

பூசை முடிந்து இரண்டு கிழமையால் மேலிடத்து அதிகாரி ஒருவர் வந்தார். பறக்கக்கூடியது ஏன் இவ்வளவு குறைவு, மூலையில் நிற்கிறது ஏன் இன்னும் முடியவில்லை என்று ஷெஃபைக் கேட்டாராம். அடுத்த நாள் என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். அந்த அதிகாரியும் ஷெஃபும் இருந்தார்கள். மேசையில் நான் கையெழுத்து வைக்க ஒரு கடிதமும், பொட்டின் படமும் இருந்தன. விரல் வைத்து மெல்ல வாசித்தேன். நான் அனுமதியில்லாமல் தூள் தூவினேன் என்று முதல் வசனம். அதனால் முழு விமானத்தையும் திரும்பச் சோதிக்க வேண்டி வந்ததால்தான் வேலை தாமதம் என்று அடுத்தது.

"முதலாவது உண்மை," என்றேன். "அடுத்தது இல்லை. அதில சாமான் இல்லாமல் எத்தினை மாதம்? ஷெஃப், நீங்கள்தானே வைக்கச் சொன்னீங்கள்?"

ஷெஃப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாது. நான் அந்த நேரம் அங்க இல்லை," என்றார்.

அதிகாரி பேனையை என் பக்கம் தள்ளினார். கையெழுத்து வைத்தால் ஒரு எச்சரிக்கையோடு போகும், வைக்காவிட்டால் உள்ளே வருகிற அட்டையைத் தந்துவிட்டுப் போகலாம் என்றார். வீட்டு வாடகை, பிள்ளையின் படிப்பு எல்லாம் கண்ணுக்குள் வந்தது. ஆனாலும் முருகன் பேரைச் சொல்லித் தூவின திருநீறு. அதன் மேல் இந்தப் பழியைப் போட்டுக் கையெழுத்து வைக்க எனக்குக் கை எழவில்லை. அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

அட்டை இல்லாதவனை ஒருவர் வாசல்வரைக்கும் கூட்டிக்கொண்டு போகவேணும். ஷெஃப்தான் வந்தார். வாசலடியில் மெல்லமாக, "எனக்கு ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருசம்தான் கிடக்கு. உனக்கு விளங்கும்தானே?" என்றார்.

"ஓம், ஷெஃப்," என்று சொல்லிவிட்டேன். பதினொரு வருசம் அவருக்குச் சொல்லிப் பழகின வாய். அவர் கதவைச் சாத்தினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை.