பெரிய சங்கும் சின்னச் சங்கும்

தேனியிலிருந்து குமுளிக்குப் போகிறவர்கள் யாரும் எங்கள் ஊரில் இறங்குவதில்லை. வாடகைக் கார் ஓட்டுகிற நானே இறங்கச் சொல்லி எவரையும் கூப்பிட்டது கிடையாது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுருளி அருவி இருக்கிறது, மேகமலை இருக்கிறது. லோயர் கேம்பில் மலைமேலிருந்து பெரிய பெரிய குழாய்களில் தண்ணீர் இறங்குவதைப் பார்க்கலாம். கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைப் பந்தலுக்குள் நின்று, பழத்தைப் பறிக்காமல் பறிக்கிற மாதிரி படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊர் வரும்போது பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வேகத்தடையில் கார் குலுங்கும்போது ஒருவர் கண்ணைத் திறந்து, "இது என்ன ஊரு?" என்று கேட்பார். நான் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் ஊர் முடிந்துவிடும்.

இருந்தாலும் தப்பித் தவறி நீங்கள் இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதலில் கண்ணில் படுவது ஒரு மதில். அதற்குப் பின்னால் நூல் மில். டீக்கடை, மருந்துக்கடை, சைக்கிள் கடை எல்லாம் மெயின் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மில் கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். வியாபாரம் அங்கேயிருந்துதான் வந்தது. இப்போது கேட் பூட்டிக் கிடக்கிறது. கடைகளைத் திருப்பி வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. பார்க்க வேண்டிய இடம் என்று கேட்டால் இவ்வளவுதான். கோவில் இருக்கிறது, ஆனால் அதைவிடப் பெரிய கோவில்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் தெரிந்துகொள்ள ஒரு வார்த்தை உண்டு. மற்ற ஊர்களில் "சங்கு ஊதியாச்சு" என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். எங்கள் ஊரில் வேலைக்குக் கிளம்பு என்று அர்த்தம். மில் கூரையில் இருக்கிற சைரன்தான் எங்களுக்குச் சங்கு. ஷிப்டு மாறும்போதெல்லாம் ஊதும். குழந்தைக்குப் பால் கொடுப்பது, உலை வைப்பது, சண்டையை நிறுத்துவது எல்லாம் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நடந்தது. சாவுக்கு ஊதுகிற நிஜச் சங்குக்கு நாங்கள் சின்னச் சங்கு என்று பேர் வைத்திருந்தோம். மில்லுடையது பெரிய சங்கு. பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது பெரிய சங்கு ஊதினால், சின்னச் சங்கு ஊதுகிறவர் வாயிலிருந்து எடுத்துவிட்டு நிற்பார். அது முடிந்த பிறகுதான் பாடை நகரும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

என் மனைவி அந்த மில்லில்தான் இருந்தாள். நூலைக் கோனில் சுற்றுகிற பிரிவு. அறுந்த நூலின் இரண்டு நுனியையும் பிடித்து முடிச்சுப் போடுவதைப் பார்த்தால் விரலே அசைந்த மாதிரி தெரியாது. சேலைக்கு மேல் நீலக் கோட்டு, தலையில் துணித்தொப்பி. வீட்டுக்கு வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், கிழவி வேஷம் கட்டின மாதிரி. நான் கேலி செய்வேன், அவள் அடிக்க வருவாள். பராமரிப்பு வேலை, ஒரு வாரம் லீவு என்று சொல்லித்தான் மில்லை மூடினார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

மூடின பிறகு அவளும் மற்றவர்களைப் போல மலைக்குப் போக ஆரம்பித்தாள். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன்னே ஜீப் கிளம்பும். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் இருபது பேருக்கு மேல் அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறும். நான் டிரைவர். அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். ஒரு தடவை பயணிகளோடு போகும்போது ஒரு ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தேன். ஆட்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரோட்டில் பெண்களின் செருப்பும், மூடி திறந்த தூக்குச்சட்டிகளும் கிடந்தன. பின்னால் படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள்தான் முதலில் விழுந்தார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், மனைவியை எங்கள் மகள் தலையில் கை வைத்து, பின் படியில் நிற்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தாள். டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் ஜன்னலோரம் அவளுக்கு ஓர் இடம் உண்டு. விடாமல் வேலைக்கு வருகிறவளுக்குத்தான் ஆள் சேர்க்கிற கங்காணி அந்த மாதிரி இடம் கொடுப்பார். ஒரு நாள் விட்டால் போச்சு. எனக்கு அந்த இடமும் பிடிக்கவில்லைதான். மில் திறந்தால் அவள் அந்த ஜீப்பில் ஏற வேண்டாம். தெய்வத்திடம் நான் வேறெதுவும் கேட்டதில்லை.

அதனால்தான் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் தேனியில் என் காரில் ஏறி, போக வேண்டிய இடம் என்று எங்கள் ஊர் மில்லைச் சொன்னபோது இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். வெள்ளைச் சட்டை, சின்னத் தொப்பை, மரியாதையான பேச்சு. மில்லை வாங்க வந்தவர்தான், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். வழியெல்லாம் நான் பேசின பேச்சு இருக்கிறதே, சுருளி அருவிக்குக்கூட அப்படி விளம்பரம் செய்ததில்லை.

"தண்ணிக்குப் பஞ்சமே கெடையாது சார். லோயர் கேம்புல எறங்குற தண்ணி எங்க ஊரத் தாண்டித்தான் போகணும்."

"சரிங்க."

"ஆளுகளுக்கும் பஞ்சமில்ல. எல்லாரும் பழகுன கை. நூலு அந்துச்சுன்னா மிஷினுக்கே தெரியாம முடிச்சுப் போட்ருவாக."

"அப்படீங்களா."

"மதியம் சாப்பாட்டுக்கு ஊர்ல நல்ல கடை இருக்கு சார். அப்படியே ஊரச் சுத்திக் காட்டட்டுமா?"

"வேண்டாமுங்க. நேரா மில்லுக்கே போயிரலாமுங்க."

வேலையில் கெட்டிக்காரர், நேரத்தை வீணடிக்காதவர் என்று அதற்கும் நானே ஓர் அர்த்தம் கற்பித்துக்கொண்டேன். ஆசை வந்துவிட்டால் புத்தி எங்கே போகிறது என்று தெரிவதில்லை.

மில்லில் இப்போது காவலுக்கு ஒரே ஒருவர். முன்பு அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அவர் கேட்டைத் திறந்துவிட, நானும் பின்னாலேயே போனேன். வா என்று யாரும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. உள்ளே மிஷின்கள் வரிசையாக நின்றன. ஒரு தூசி இல்லை. காவல்காரர் தினமும் துடைப்பாராம். கோயம்புத்தூர்க்காரர் குனிந்து, நிமிர்ந்து, தட்டி, செல்போனில் படம் எடுத்தார். பிறகு, "ஒண்ண ஓட்டிக் காட்டுங்க பார்க்கலாம்" என்றார். அதற்காகவே ஜெனரேட்டரில் டீசல் ஊற்றி வைத்திருந்தார்கள்.

அங்கேதான் அது நடந்தது. எங்கள் மில்லில் ஒரு வழக்கம். நின்ற மிஷினுக்குக் கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் சங்கு ஊதியாக வேண்டும். எந்தக் காலத்திலோ ஒருத்தி மிஷினுக்குள் கைவிட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது யாரோ மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டார்களாம். அதிலிருந்து சங்கு ஊதாமல் எவரும் மெயினைத் தொட மாட்டார்கள். காவல்காரர் யோசிக்கவே இல்லை. ஜெனரேட்டர் சத்தம் சீரானதும் அவர் கை தானாகச் சைரன் பொத்தானுக்குப் போனது. பெரிய சங்கு ஊதியது. பொல்லாத வேளை, அது சரியாக மதிய ஷிப்டு மாறுகிற நேரம்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். மிஷின் ஓடியது. கோயம்புத்தூர்க்காரர் காதை வைத்துக் கேட்டார், தலையாட்டினார், நிறுத்தச் சொன்னார்.

வெளியே வந்தபோது கேட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டம். மலைக்குப் போகாமல் ஊரில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியோடு. சிலர் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டே ஓடி வந்திருந்தார்கள். ஒருத்திக்குப் பொத்தான் மாறியிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. ஷிப்டுக்கு நிற்கிற மாதிரி வரிசையாக நின்றார்கள்.

"தெறந்துட்டாகளா அண்ணே?" என்று ஒருத்தி கம்பிக்கு வெளியே இருந்து என்னிடம் கேட்டாள். "இவுகதான் புது மொதலாளியா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் அந்தப் பெண்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் மெதுவாகச் சொன்னார்.

"மிஷினெல்லாம் அருமையா வச்சிருக்கறாங்க. ஆனா இங்க ஓட்டறதுக்கு இல்லீங்க. கழட்டி வடக்க அனுப்பறதுக்கு. எடத்த வேற ஆளு மனை போடறாங்க. நீங்க பேசிட்டே வந்தீங்க, நடுவுல எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க."

கேட் வழியாகக் கார் வெளியேறும்போது பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தி அவருக்குக் கும்பிடு போட்டாள். நான் கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இறக்கவில்லை. அவரைத் தேனியில் இறக்கிவிட்டு, அங்கேயே ஒரு டீக்கடையில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி எனக்கு முன்னால் வந்திருந்தாள். வாசலில் கயிறு கட்டி, துவைத்த நீலக் கோட்டைக் காயப் போட்டிருந்தாள். ஜீப்பை விட்டு இறங்கியதுமே நாலு பேர் சொல்லிவிட்டார்கள், சங்கு ஊதியாச்சு என்று. அவள் முகத்தை அப்படிப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"நீங்கதான் கூட்டியாந்தீகளாமே. ஏங்க, ஒரு போன் போட்டுச் சொன்னா என்ன?" என்றாள். "எப்ப வரச் சொன்னாக? நாளைக்கேவா?"

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே நின்றேன்.

"கங்காணிகிட்ட நாளையிலருந்து மலைக்கு வரலன்னு சொல்லிட்டேன். என் எடத்துக்கு அங்கனயே ஒரு புள்ளயப் பேசி முடிச்சாரு. போகட்டும், அதுக்கும் ஒரு நல்லது."

அப்போதுதான் சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெளியே போய், ஈரம் காயாத கோட்டை எடுத்து மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்து, கயிற்றிலேயே போட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்தது.

மறுநாள் விடியுமுன் ஜீப் நிற்கும் இடத்துக்கு நானும் கூடப் போனேன். கங்காணியிடம் கெஞ்சினேன். அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "ஒன் பொண்டாட்டிதானய்யா வரலன்னுச்சு. சீட்டெல்லாம் ஆள் ஆயிருச்சு. பின்னால படி இருக்கு, வேணும்னா நிக்கட்டும்" என்றார். காரில் நானே கொண்டுபோய் விடலாமென்றால், கார் என்னுடையதில்லை, முதலாளியுடையது; தேனியில் ஒரு குடும்பம் மேகமலை போகக் காத்திருந்தது. ஒரு நாள் போகாமல் இரு என்றேன். "ஒரு நாள் இருந்தா படியும் போயிரும்" என்றாள். குளிருக்கு அந்த நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். படியில் ஏறிக் கம்பியைப் பிடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னும் அவளுக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை. மிஷின்கள் லாரியில் போய்விட்டன, சைரனையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் எங்கள் ஊருக்கு வந்தால் இப்போது ஒரு சங்குதான் கேட்கும். யார் வீட்டிலோ பெரியவர் தவறியிருப்பார், கிடையில் கிடந்தவர் போயிருப்பார். எனக்கும் அது தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் காதில் விழுந்தால், பின்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் காரை ஓரங்கட்டி முதலில் அவளுக்குத்தான் போன் போடுகிறேன். மலையில் டவர் கிடைப்பதில்லை.