சவுக்காரத் தண்ணீர்

ருவான்வெல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள் ஜீவராணி. விடியற்காலையில் கத்தியும் வாளியுமாக அவள் மலை ஏறினால், வெள்ளை நாய் சுது முன்னால் ஓடிப் பாம்பு பார்க்கும். புருசன் கஜேந்திரன் போன பிறகு அவள் வாய்விட்டுப் பேசியதெல்லாம் அந்த நாயிடம்தான்.

கஜேந்திரன் செத்த விதம் லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் தெரியும். களை சாக அடிக்கும் புல்லு மருந்தை யாரோ சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தார்கள்; தாகத்தில் அதைக் குடித்துவிட்டான். ஜீவராணி கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றாள். "ஒடனே துணி தொவைக்கிற சவுக்காரத்தக் கரைச்சு ஊத்தியிருந்தா கக்கிப் பொழைச்சிருப்பான்" என்று சாவு வீட்டிலேயே ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்னவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவளுக்கு அது நெஞ்சை விட்டுப் போகவேயில்லை.

போன மாதம் சுதுவுக்குத் தெள்ளுப்பூச்சி பிடித்தது. கடைக்காரர் பளீல் ஒரு சின்னக் குழாய் மருந்து கொடுத்து, பிடரியில் விடச் சொன்னார். தெள்ளு மொய்ப்பது வாலடியில்தானே என்று அவள் அங்கே விட்டாள். நாய்க்கு நாக்கு எட்டாத இடமா அது? திரும்பி முழுவதையும் நக்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை தள்ளியது.

இந்தத் தடவை அவள் சும்மா நிற்கவில்லை. சவுக்காரத்தைக் கரைத்து, நாயின் தலையை முழங்காலில் இடுக்கி, வாயைப் பிளந்து ஊற்றினாள். அது திமிறியது, இருமியது. "கக்கிரு சாமி, கக்கிரு" என்று கெஞ்சிக்கொண்டே மேலும் ஊற்றினாள். பிறகு மூச்சு இழுத்தது. ஸாஜித்தின் ஆட்டோவில் மிருக வைத்தியரிடம் போய்ச் சேருவதற்குள் அவள் மடியிலேயே அடங்கிவிட்டது.

வைத்தியர் பொறுமையாகச் சிங்களத்தில் சொன்னார். நுரை வந்தது மருந்தின் கசப்புக்கு. வாயை ஈரத்துணியால் துடைத்து, குடிக்கத் தண்ணீர் வைத்து, மருந்துக் குழாயையும் எடுத்துக்கொண்டு உடனே வந்திருந்தால் அநேகமாகப் பிழைத்திருக்கும். கக்க வைத்திருக்கவே கூடாது. சவுக்காரத் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது.

ஜீவராணி அவருடைய மொழியிலேயே கேட்டாள், புல்லு மருந்து குடித்த மனுசனுக்கும் அப்படித்தானா என்று.

"யாருக்குமே கொடுக்கக்கூடாது. அதைக் கொடுத்து யாரும் பிழைக்கப் போவதில்லை" என்றார் அவர்.

வெளியே வந்து, சாக்கில் சுற்றிய சுதுவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தாள். அழுகை அப்போதுதான் வந்தது.

"போவோமா அக்கா?" என்றான் ஸாஜித்.

"இத அன்னைக்கே ஒருத்தராவது சொல்லியிருந்தா, தம்பி," என்றாள், "இது பொழைச்சிருக்கும்."