பெரியப்பாவின் குளம்

பெரியப்பா வாயை மூடிக்கொண்டிருந்ததை நான் ஒரேயொரு முறைதான் பார்த்திருக்கிறேன். சாம்பியாவில் ஒரு வனவிலங்குப் பூங்காவுக்குள், ஜீப்பின் முன்னிருக்கையில். அடுத்த வளைவு திரும்பினால் குளம் என்று சாரதி சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, சோதனை முடிவு பார்க்கப் போகிறவர் போல முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அவர் என் அப்பாவின் தமையன். இலங்கையில் வன்னிக் குளங்களைத் திருத்தும் வேலையில் இருந்தவர், எழுபதுகளின் கடைசியில் ஒப்பந்தம் ஒன்றில் சாம்பியாவுக்குப் போனார். கோடையில் மிருகங்கள் தண்ணீர் குடிக்க ஒரு குளம் கட்டும் பொறுப்பு அங்கே அவரிடம் வந்தது. பிறகு ஊரில் சண்டை. லண்டனுக்கு அகதியாக வந்து, அப்டன் பார்க்கில் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனின் கல்லாவில் நின்றே பிள்ளைகளைப் படிப்பித்தார். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி ஆறுமுன் குளத்துக் கதை தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் யானைகள் பெருகும், குளம் அகலும். செவன் கிங்ஸ் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் அவர் சப்பாத்தைக் கழற்றும்போதே தம்பி என் காதுக்குள், "இண்டைக்கு எத்தினை யானையாம்?" என்பான். மனுசன் கதை விடுகிறார் என்று குடும்பமே முடிவு கட்டியிருந்தது.

அந்தக் கதையில் கூடாமலும் குறையாமலும் இருந்த துண்டு ஒன்றுதான். அணைக்கட்டின் உட்புறம் முழுவதும் கல் அடுக்கச் சொன்னாராம் மேலதிகாரி. பெரியப்பா ஒரு பக்கத்தை மட்டும் கல் வைக்காமல், மண்ணைச் சரிவாக இழுத்து விட்டாராம். வன்னியில் எருமைகள் இறங்கி ஏற அப்படித்தான் விடுவார்கள். "குட்டி ஏற ஏலாமல் தண்ணிக்கை நிண்டால் தாய் விட்டிட்டுப் போகாது, பிள்ளை. ரண்டும் சேந்து செத்துப்போகும்," என்பார். வேலை போனாலும் பரவாயில்லை என்று சண்டை பிடித்தாராம். நாங்கள் அதையும் நம்பவில்லை.

போன வருடம் இருதயச் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தவர், குளத்தை ஒருக்கால் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தார். உடம்பு தேறியதும் டாக்டர் சம்மதித்தார், பிள்ளைகள்தான் அவ்வளவு தூரம் அலையப் பஞ்சிப்பட்டார்கள். நான் கூட்டிக்கொண்டு போனேன். பாசம் பாதி, உண்மையை அறியும் ஆசை பாதி. விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் என் பக்கம் சாய்ந்து, "பிள்ளை, ஒருவேளை குளம் தூர்ந்துபோய்க் கிடந்தால், வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, என்ன?" என்றார். அவர் குரல் அவ்வளவு சிறுத்து நான் கேட்டதே இல்லை. "ஓம், சொல்லமாட்டன்," என்றேன். அதற்குப் பிறகு பயம் என்னையும் தொற்றிக்கொண்டது.

வளைவு திரும்பியது. தண்ணீர் இருந்தது. அவர் சொன்ன அளவுக்குப் பெரிதில்லை. ஆனால் சுற்றிவரக் காடு காய்ந்து கிடக்க, நடுவில் அது மட்டும் நிறைந்து கிடந்தது. யானைக் கூட்டம் ஒன்று குடித்துக்கொண்டு நின்றது. ஒரு குட்டி விளையாட்டுப் புத்தியில் தண்ணீருக்குள் தள்ளிப்போய், கல் அடுக்கிய பக்கம் ஏறப் பார்த்துச் சறுக்கி விழுந்தது. திரும்ப ஏறியது, திரும்ப விழுந்தது. பெரியப்பா பின்னால் கையை நீட்டி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். தாய் தண்ணீருக்குள் இறங்கி, குட்டியைத் தும்பிக்கையால் அணைத்து அணையோரமாகவே நடத்திக்கொண்டு போனது. கல் முடிந்து மண் சரிவு தொடங்கும் இடத்தில் இரண்டும் சாவகாசமாக மேலே ஏறி வந்தன.

குட்டியோடு வருகிற எல்லா மிருகமும் அந்தப் பக்கம்தான் ஏறும் என்றார் சாரதி. கட்டியவர்களுக்குக் கல் போதாமல் போனதால் அந்தத் துண்டு அப்படிக் கிடக்கிறது என்றுதான் தாங்கள் நினைத்திருப்பதாகவும் சொன்னார். "கட்டியவர் இவர்தான், என் பெரியப்பா," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பெரியப்பா என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே சொன்னேன். அங்கிள் என்பது போதாமல் இருந்தது. சாரதி பெரியப்பா பக்கம் திரும்பி, உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டி மரியாதை செய்தார். அது அவர்கள் வழக்கமாம். எனக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை. பெரியப்பாவோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் குளத்துக் கதை சொல்வதில்லை. நான்தான் சொல்லித் திரிகிறேன். போன மாதம் வெம்பிளியில் ஒரு கலியாண வீட்டில், தம்பி வழக்கம்போலச் சீண்டினான். பெரியப்பா சிரித்தபடி வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மேசையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "நான் என்ரை கண்ணாலை கண்டனான். ஒரு அம்பது யானை நிண்டது!"

"பதினொண்டு, பிள்ளை," என்றார் பெரியப்பா. "உள்ளதைச் சொல்லு. அதுவே போதும்."